வீட்டுத் தோட்டத்துக்கு விதையிலிருந்து மிளகாய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுச் சமவெளியில், மாடியிலோ கொல்லையிலோ பத்துப் பதினைந்து மிளகாய்ச் செடி வைக்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. ஏக்கர் கணக்கில் போடுகிறவர்களுக்கு இது போதாது. மிளகாய் விதையை முளைக்க வைப்பது பெரிய விஷயமே இல்லை. முளைத்த நாளிலிருந்து தொட்டியில் நட்டு வேர் பிடிக்கும் வரையுள்ள ஆறேழு வாரத்தில்தான் பெரும்பாலான செடிகள் போய்விடுகின்றன. அதுவும் தண்ணீர் போதாமல் போவது அபூர்வம், கூடிப்போய்தான் போகின்றன. அதனால் கீழே தண்ணீரைப் பற்றிய பேச்சு சற்று அதிகமாகவே இருக்கும்.

எந்த மாதத்தில் விதைப்பது நல்லது?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மிளகாய்க்கு மூன்று பருவம் சொல்கிறது: ஜனவரி–பிப்ரவரி, ஜூன்–ஜூலை, செப்டம்பர். வீட்டுத் தோட்டத்துக்கு எனக்குப் பிடித்தது நடுவில் உள்ளதுதான். ஆனி கடைசியிலோ ஆடி தொடக்கத்திலோ விதைத்தால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது செடி ஓரளவு வளர்ந்து நிற்கும். மழையைத் தாங்கும், மார்கழிக் குளிருக்குள் நன்றாகக் காய்க்கவும் தொடங்கிவிடும்.

செப்டம்பரில் விதைத்தால் இளநாற்று அடைமழையில் மாட்டிக்கொள்ளும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் மழை படாத இடம் இருந்தால் மட்டும் அதைச் செய்யுங்கள். தை மாதம் விதைத்தாலும் நன்றாகவே வரும். ஆனால் செடி பூத்துக் காய்க்கும் நேரம் பங்குனி, சித்திரை வெயிலாக இருக்கும். மொட்டை மாடியில் நிழல்வலை இல்லாமல் அது சிரமம். ஏப்ரல், மே மாதங்களில் புதிதாக விதைக்கவே வேண்டாம். ஊட்டி, கொடைக்கானலில் கணக்கு வேறு. அங்கே குளிர் விலகிய பிறகு, மார்ச்சுக்கு மேல் விதைப்பதே சரி.

எந்த ரகம் வாங்கலாம்?

என்னத்துக்கு மிளகாய் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். தினமும் தாளிக்கவும் சட்னிக்கும் பச்சை மிளகாய் வேண்டுமென்றால் நீட்டு மிளகாய். வற்றலுக்கு என்றால் சம்பா அல்லது குண்டு.

பல்கலைக்கழக ரகங்களில் கோவில்பட்டியிலிருந்து வந்த கே 1, கே 2, பாலூரின் பிஎல்ஆர் 1, பரமக்குடியின் பிஎம்கே 1 ஆகியவை பழைய, நிலையான பெயர்கள். இவை ஒட்டு ரகங்கள் அல்ல என்பதால் விதை எடுத்து மறுபடியும் போடலாம். கடைகளில் பளபளப்பான பாக்கெட்டில் வருபவை பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகங்கள். காய் அதிகம் பிடிக்கும், சில ரகங்களுக்கு இலைச்சுருட்டலை (இலை சுருண்டு செடி குன்றும் நோயை) தாங்கும் சக்தியும் உண்டு. ஆனால் அவற்றின் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஒன்றுபோல் வராது.

இராமநாதபுரம் முண்டு மிளகாயைப் பலர் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்த உருண்டை மிளகாய், மானாவாரி நிலத்தில் விளைந்து வற்றலுக்குப் போவது. தொட்டியில் வளரும்தான். ஆனால் அந்த மண்ணும் கடலோர வெயிலும் கொடுக்கும் வற்றலை மாடியில் எதிர்பார்க்காதீர்கள்.

இலைச்சுருட்டலில் செடிகளைப் பறிகொடுத்து அலுத்தவர்களுக்கு நான் சொல்வது காந்தாரி. கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுக்கு வீடு நிற்கும் சின்ன மிளகாய், வானத்தைப் பார்த்துக் காய்க்கும். அரை நிழலிலும் வரும், பூச்சித் தொல்லையும் பொதுவாகக் குறைவு, வருடக்கணக்கில் நிற்கும். முளைக்கத்தான் கொஞ்சம் தாமதம் செய்யும். காரமோ, இரண்டு போட வேண்டிய இடத்தில் அரை போதும்.

சமையலறையில் இருக்கும் வரமிளகாய் விதையைப் போட்டால் முளைக்குமா?

முளைக்கும். வெயிலில் காய்ந்த, ஒரு வருடத்துக்கு உட்பட்ட வற்றலாக இருந்தால் நன்றாகவே முளைக்கும். வறுத்தது, சூட்டில் உலர்த்தியது, இரண்டு மூன்று மழைக்காலம் டப்பாவில் கிடந்து நிறம் வெளுத்தது என்றால் முளைப்பு மிகவும் குறையும். விதை வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். பழுப்பும் கறுப்புமாக இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

இதில் முளைப்பைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த மிளகாய் எந்த ஊர், எந்த ரகம், ஒட்டு ரகமா என்று எதுவும் தெரியாது. ஆந்திராவிலிருந்து வந்த ஒட்டு ரகத்தின் விதையாக இருந்தால், ஐந்து செடி ஐந்து விதமாக நிற்கும். செலவில்லாமல் பழகிப் பார்க்க நல்ல வழி. பத்துத் தொட்டியையும் அதற்கே ஒதுக்காதீர்கள்.

பச்சை மிளகாயிலிருந்து விதை எடுக்கலாமா?

வேண்டாம். பச்சைக் காயில் விதை முற்றியிருக்காது. காய் செடியிலேயே சிவந்து, தோல் லேசாகச் சுருங்கத் தொடங்கும்போது எடுப்பதே விதை.

விதை நேர்த்தி கட்டாயமா?

கட்டாயம் இல்லை, ஆனால் செலவு குறைவு, பலன் அதிகம். விதையை இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊற வைத்தால் முளைப்பு ஓரிரு நாள் முன்னால் வரும். காலையில் தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு சிட்டிகை சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) தூளை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையைப் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதையுங்கள். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சை கிடைத்தால் அதையும் இப்படிச் செய்யலாம். இரண்டும் நாற்றழுகல் பூஞ்சையை அடக்குபவை. அந்த நோயைப் பற்றிக் கீழே வருகிறது.

பாக்கெட் விதை இளஞ்சிவப்பாகவோ நீலமாகவோ இருந்தால் அது ஏற்கெனவே பூஞ்சைக்கொல்லி பூசியது. அதை ஊற வைக்க வேண்டாம், அப்படியே விதையுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள்.

எதில் விதைப்பது? என்ன கலவை?

குழித்தட்டு (சின்னச் சின்னக் குழிகள் உள்ள நாற்றுத் தட்டு) இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் தயிர் டப்பா, டீ கப், கொட்டாங்குச்சி எதுவும் சரிதான், அடியில் ஓட்டை மட்டும் இருக்க வேண்டும். ஓட்டை இல்லாத பாத்திரத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் வேர் அழுகும்.

கலவைக்குத் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. அவ்வளவுதான். நார்க்கழிவுக் கட்டியை ஊற வைத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றிப் பிழிந்து எடுங்கள். அதில் உப்பு இருக்கும், இளவேருக்கு அது ஆகாது. தோட்டத்து மண்ணை நாற்றுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது உத்தமம். களிமண் இறுகும், கூடவே பூஞ்சையும் கூட்டிக்கொண்டு வரும். வேறு வழியில்லை என்றால் செம்மண்ணும் மணலும் கலந்து, ஈரமாக்கி, பிளாஸ்டிக் தாளால் மூடி, கோடை வெயிலில் மூன்று நான்கு வாரம் போட்டுப் பிறகு எடுங்கள். மாட்டுச்சாணம் நன்றாக மக்கியதாக இல்லையென்றால் இந்தப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

எவ்வளவு ஆழத்தில் போட வேண்டும்?

அரை சென்டிமீட்டர். குழிக்கு இரண்டு விதை, மேலே மெல்லியதாக நார்க்கழிவைத் தூவி விரலால் லேசாக அழுத்தினால் போதும். முளைக்கும் வரை வெளிச்சம் தேவையில்லை, வெதுவெதுப்புதான் தேவை. 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் என்பது மிளகாய் விதைக்கு உகந்த சூடு. நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி அது தானாகவே கிடைக்கிறது. குளிர்நாட்டுக் காணொளிகளில் சூடேற்றும் விரிப்பு, விளக்கு என்றெல்லாம் காட்டுவதைப் பார்த்து யாரும் பணத்தைச் செலவழிக்க வேண்டாம். தட்டின் மேல் ஈரச் சாக்கோ செய்தித்தாளோ மூடினால் போதும். ஆனால் முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும். இதை மறப்பவர்கள் நிறைய.

பத்து நாளாகியும் ஒன்றும் வரவில்லையே?

ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் பெரும்பாலும் வந்துவிடும். மார்கழிக் குளிரில் இரண்டு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். காந்தாரிக்கு மூன்று வாரம் கூடக் கொடுங்கள். தக்காளி நாலைந்து நாளில் வருவதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் அவசரப்பட்டுத் தோண்டிப் பார்க்கிறார்கள். தோண்டாதீர்கள்.

எல்லாமும் முளைக்கும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. இந்தியாவில் சான்று விதைக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச முளைப்புத்திறனே மிளகாய்க்கு 60 சதவீதம்தான். பத்துக்கு ஆறு வந்தாலே அந்த விதை தேறிவிட்டது. மூன்று வாரம் கழித்தும் ஒன்றுகூட வரவில்லை என்றால், விதை பழசு, அல்லது கலவை சொதசொதவென்று இருந்து விதை அழுகிவிட்டது. வீட்டில் சும்மா வைத்திருந்த மிளகாய் விதை இரண்டு, மூன்று வருடத்துக்கு மேல் தாங்காது.

நன்றாக முளைத்த நாற்று திடீரென்று சாய்ந்து சாகிறது. ஏன்?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். நேற்று நிமிர்ந்து நின்றது, இன்று காலையில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக இளைத்து, தண்ணீர் கோத்ததுபோல் பழுத்துச் சாய்ந்து கிடக்கும். மறுநாள் பக்கத்திலிருப்பதும் விழும். இது நாற்றழுகல். பித்தியம் போன்ற பூஞ்சைகளின் வேலை. அவை எங்கும் இருப்பவைதான். ஈரம், நெருக்கம், காற்றோட்டமின்மை மூன்றும் சேரும்போதுதான் அவற்றுக்குக் கை ஓங்குகிறது.

சாய்ந்த நாற்றுக்கு மருந்து கிடையாது. பிடுங்கி எறியுங்கள், அந்தக் குழியின் கலவையையும் சேர்த்து. மிச்சத்தைக் காப்பாற்ற அன்றைக்குத் தண்ணீரை நிறுத்தி, தட்டைக் காற்றும் காலை வெயிலும் வரும் இடத்துக்கு மாற்றுங்கள். லிட்டருக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கரைத்து வேர்ப்பகுதியில் ஊற்றலாம். ரசாயனம் பயன்படுத்துபவர்கள் காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஊற்றுவார்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்யாதீர்கள், தாமிரம் நல்ல நுண்ணுயிரையும் கொன்றுவிடும்.

வராமல் தடுப்பது தண்ணீர் விடும் முறையில் இருக்கிறது. காலையில் மட்டும் விடுங்கள். மேல்பகுதி நிறம் வெளுத்து, விரலால் தொட்டால் ஒட்டாமல் இருந்தால் விடலாம், இல்லையென்றால் அன்றைக்கு வேண்டாம். மேலிருந்து பூவாளியில் ஊற்றுவதைவிட, தட்டை ஆழமில்லாத தாம்பாளத் தண்ணீரில் கால் மணி நேரம் வைத்து எடுப்பது நல்லது. கலவை கீழிருந்து வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும், தண்டு நனையாது. "தினமும் இரண்டு வேளை தெளிக்கவும்" என்று பாக்கெட்டில் போட்டிருந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். ஆவணி மாதம் மேகமூட்டமாக இருக்கும் நாட்களில் இரண்டு நாளைக்கு ஒருமுறை விட்டாலே அதிகம்.

அப்புறம், குழிக்கு இரண்டு முளைத்திருந்தால் நான்கு இலை வந்ததும் ஒன்றைக் கத்தரித்துவிடுங்கள். மனசு வராதுதான். பிடுங்கினால் அடுத்ததன் வேரும் அசையும் என்பதால் கத்தரியால் வெட்டுவதே சரி.

நாற்று நெட்டையாக, வெளிறிப்போய் வளைகிறது.

வெளிச்சம் போதவில்லை. ஜன்னலோரம் என்பது பெரும்பாலான வீடுகளில் போதாது. முளைத்த இரண்டு மூன்று நாளிலேயே காலை வெயில் இரண்டு மணி நேரம் படும்படி வெளியே வையுங்கள், நாளாக ஆக நேரத்தைக் கூட்டுங்கள். நெட்டையான நாற்றை நடும்போது வித்திலை (முளைத்ததும் முதலில் விரியும் இரட்டை இலை) வரை மண்ணில் இறக்கி நட்டுச் சமாளிக்கலாம்.

எப்போது தொட்டிக்கு மாற்றுவது?

நாற்றங்காலில் வளர்த்தால் 40 முதல் 45 நாள், குழித்தட்டில் 35 நாளளவில் தயாராகிவிடும். நாள் கணக்கைவிட, ஆறு எட்டு இலை வந்திருக்கிறதா, தண்டு பென்சில் முனையளவாவது தடித்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து தண்ணீரைக் குறைத்து, வெயிலைக் கூட்டிப் பழக்குங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் நடவேண்டும். நட்ட முதல் மூன்று நாள் நிழல்வலை அல்லது ஒரு பழைய வேட்டித் துணி மேலே இருக்கட்டும்.

புகை பிடிப்பவர்கள், புகையிலை போடுபவர்கள் நாற்றைத் தொடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். புகையிலைத் தேமல் வைரஸ் மிளகாயையும் தாக்கும், கை வழியாகவே போகும்.

தொட்டி எவ்வளவு பெரிது? எத்தனை செடி வைக்க வேண்டும்?

12 அங்குல அகலமும் அதே உயரமும் உள்ள பைக்கு ஒரு செடி. இரண்டு வைத்தால் இரண்டும் இளைக்கும். செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் சம பங்கு, கூட ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு ஐந்தாறு நீட்டு மிளகாய்ச் செடி தாராளம், காந்தாரி என்றால் ஒன்று போதும். பாக்கெட்டில் ஒரு கிராம் விதை இருந்தால் அதில் சுமார் 150 விதை இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் போட்டுவிட்டு நாற்றுகளை அக்கம்பக்கத்தில் கொடுக்கத் திண்டாட வேண்டாம்.

இலை சுருண்டுவிட்டது. என்ன தெளிப்பது?

தெளிக்கும் முன் எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

ஓரங்கள் மேல்நோக்கி மடங்கி இலை தோணி வடிவில் இருந்தால் இலைப்பேன். வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டினால் பொடிப்பொடியாக ஓடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் காதி சோப்பு, மாலையில் இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். நாற்றுப் பருவத்தில் இதில் பாதி அளவு போதும். நீல நிற ஒட்டுப்பொறி ஒன்றும் தொங்கவிடலாம்.

ஓரங்கள் கீழ்நோக்கிக் கவிழ்ந்து, இலைக்காம்பு நீண்டு, இலை தடித்து நொறுங்குவதுபோல் இருந்தால் மஞ்சள் முரணைச் சிலந்தி என்ற சிறு பேன். இது கண்ணுக்குத் தெரியாது. இதற்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். கடும் வெயிலில் கந்தகம் தெளித்தால் இலை கருகும். வேப்பெண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் அடித்தாலும் கருகும்.

இலைகள் சிறுத்து, நரம்பு வெளுத்து, கணு நெருங்கி, நுனி பூங்கொத்துப்போல் குவிந்து நின்றுவிட்டால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். மருந்து கிடையாது. செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். "பாவம், ஒரு வாரம் பார்க்கலாம்" என்று விட்டுவைத்த செடியிலிருந்துதான் மற்ற எல்லாவற்றுக்கும் பரவும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்து ஈயைக் குறைக்கலாம். நாற்றுப் பருவத்தில் தட்டுகளின் மேல் பழைய கொசுவலையைப் போட்டு வைப்பது இதற்கெல்லாம் மேலான காப்பு, ஏனென்றால் இளம் பருவத்தில் வைரஸ் வாங்கிய செடி காய்க்கவே காய்க்காது.

பூக்கிறது, ஆனால் எல்லாம் உதிர்ந்துவிடுகிறது.

வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் மிளகாய் பூவை உதிர்க்கும். இரவும் புழுக்கமாக இருந்தால் இன்னும் மோசம். சித்திரையில் உதிர்ந்தால் கவலைப்படாமல் நிழல்வலை போட்டுக் காத்திருங்கள். மற்ற மாதங்களில் உதிர்ந்தால் இரண்டு சந்தேகம். ஒன்று, கடலைப்புண்ணாக்குக் கரைசல், யூரியா என்று தழைச்சத்தை (நைட்ரஜனை) அள்ளிக் கொடுத்திருப்பீர்கள். செடி கரும்பச்சையாகத் தழைத்து நிற்கும், காய் இருக்காது. உரத்தை ஒரு மாதம் நிறுத்துங்கள். இரண்டு, மண் ஒரு நாள் காய்ந்து வெடிப்பதும் மறுநாள் சேறாவதுமாக இருக்கும். வளர்ந்த செடிக்கு அளவான ஈரம் ஒரே சீராக வேண்டும். காய்ந்த இலையோ தேங்காய் நாரோ போட்டு மூடாக்கு செய்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

எப்போது காய் பறிக்கலாம்? செடி எவ்வளவு நாள் நிற்கும்?

விதைத்து சுமார் மூன்று மாதத்தில் முதல் பச்சை மிளகாய். பறிக்கப் பறிக்கத்தான் பூக்கும், காயைச் சிவக்க விட்டால் புதுப் பூ குறையும். வயலில் ஆறேழு மாதத்தில் அழித்துவிடுவார்கள். ஆனால் மிளகாய் இயல்பில் பல்லாண்டுச் செடி. காய்ப்பு ஓய்ந்ததும் முக்கால்வாசியைக் கவாத்து செய்து, மேல்மண்ணைக் கிளறி மண்புழு உரம் போட்டால் மறுபடியும் துளிர்த்துக் காய்க்கும். நோயில்லாத செடிக்கு மட்டும் இந்த உழைப்பு தகும்.

பூத் ஜோலோகியா விதை ஆன்லைனில் வாங்கலாமா?

அசாம், நாகாலாந்து பக்கத்து மிளகாய் அது. 2007-இல் உலகிலேயே காரமானது என்று கின்னஸ் பதிவு பெற்றது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அளவில் பத்து லட்சத்துக்கு மேல். விதை முளைக்க மூன்று நான்கு வாரம் ஆகலாம், ஈரப்பதம் வேண்டும், நம் கோடையில் பூ தங்காது. ஆசைக்கு ஒன்று வைக்கலாம். வாங்கும்போது விலை மலிவைப் பார்த்து ஏமாறாதீர்கள். நீல மிளகாய், வானவில் மிளகாய் என்று வண்ணப் படம் போட்டு விற்பவர்களிடம் இதை வாங்கவே வேண்டாம்.

அடுத்த முறைக்கு விதை எப்படி எடுப்பது?

மிளகாய்ப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். ஆனால் தேனீக்கள் பக்கத்துச் செடியிலிருந்தும் கொண்டுவரும். காந்தாரியும் நீட்டு மிளகாயும் அருகருகே நின்றால்கூடக் கொஞ்சம் கலக்கலாம், இரண்டு நீட்டு ரகங்கள் என்றால் நன்றாகவே கலக்கும். விதைக்கென்று ஒரு நல்ல கிளையைத் தேர்ந்து, பூ மலரும் முன் மெல்லிய வலைப்பையால் கட்டுங்கள். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காயில் ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். அதை மறந்துபோய் யாராவது ரசத்துக்குப் பறிப்பது எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

சிவந்து சுருங்கிய காயைக் கீறி, விதையை எடுத்து, கழுவாமல் நிழலில் ஒரு வாரம் உலர்த்துங்கள். மடித்தால் வளையாமல் பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது. காகித உறையில் போட்டு, ரகமும் தேதியும் எழுதி, இறுக மூடிய டப்பாவில் வையுங்கள்.

உலர்த்தும்போதும் எடுக்கும்போதும் கையுறை போடுங்கள். காரம் விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. விதை எடுக்கும்போது அதைத்தான் விரலால் சுரண்டுகிறோம். கை எரிந்தால் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, காரப்பொருள் தண்ணீரில் கரையாது. நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தடவித் தேய்த்து, அதன்பிறகு பாத்திரம் விளக்கும் சோப்பால் கழுவுங்கள். அதுவரை கண்ணைத் தொடாதீர்கள்.